டாக்டரிடம் கையெழுத்து வாங்கிய மங்களம் சித்தி

ஜனவரி மாதம், காலை ஒன்பதரை மணி வெயில். ஹைதராபாத் காஞ்சன்பாக் குடியிருப்பின் டிஸ்பென்சரி வாசலில் மங்களம் சித்தி இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். வரிசையில் மற்றவர்கள் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள்.

"என்ன அப்படிப் பாக்கறே? உள்ள இன்னொண்ணு இருக்கு" என்றாள் என்னிடம்.

மங்களம் என் அம்மாவின் தங்கை. வயது நாற்பத்தொன்பது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பத்து நாள் தங்கிப் போகலாம் என்று நான் அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே அவளை டிஸ்பென்சரிக்கு அழைத்துப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் பத்து நாள் ஆறு மாதமாக நீண்டதற்கு அதுதான் காரணம். முடிவு தெரியாமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சாய்கிருஷ்ணா ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவேயில்லை. மேஜையில் இருந்தபடியே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் பேசியதெல்லாம் தெலுங்கில். சித்தி பதில் சொன்னதும் தெலுங்கில்தான். தமிழில் எழுதுகிறேன்.

"ஏம் காதம்மா, ஒண்ணும் ஆகாது. டி.எஸ்.எச். அஞ்சு புள்ளி ஒண்ணு. அஞ்சரை வரைக்கும் நார்மல். எல்லாம் ரேஞ்சுக்குள்ள இருக்கு."

"ரிப்போர்ட் ரேஞ்சுக்குள்ள இருக்கு சார். நான்தான் இல்ல."

கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமானால் மூளை அதை அதட்டி வேலை வாங்குகிறது. அந்த அதட்டலின் அளவுதான் டி.எஸ்.எச். எண் கூடக்கூட சுரப்பி சோம்புகிறது என்று பொருள். சித்திக்கு மூன்று வருடமாக இந்த மந்தம். மூன்று வருடமாக அதே இருபத்தைந்து மைக்ரோகிராம் மாத்திரை.

"களைப்பா இருக்கு சார். குளிர் தாங்கல. முகம் வீங்கிப்போகுது. முடி கொட்டுது. எதையாவது எழுதினா அடுத்த நிமிஷம் மறந்துபோகுது."

"ஐம்பது வயசுல எல்லாருக்கும் அப்படித்தாம்மா. காலைல நடங்க."

"நடந்துதான் சார் களைச்சுப்போறேன்."

"அப்போ கொஞ்சமா நடங்க. இண்டர்நெட் பாக்காதீங்க."

வெளியே பெரிய டாக்டரிடம் அனுப்பி வைக்க ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று கேட்டாள். நார்மல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்னவென்று எழுதுவது என்றார். பிறகு அதே இருபத்தைந்து மைக்ரோகிராமை எழுதி, மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சித்தியின் வேலையைச் சொன்னால்தான் அவளுடைய அவசரம் புரியும். தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தையும் அளக்க ஒரு கருவி இருக்கும். அந்தக் கருவி சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற இடம் சித்தியின் அறை. கருவிகளைக் கேஜ் என்பார்கள். அறைக்குப் பெயரும் கேஜ் ரூம். இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதால் அங்கே வருடம் முழுக்க இருபது டிகிரிதான். மே மாதம் ஹைதராபாத் கொதிக்கும்போது மற்ற பிரிவு ஆட்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். சித்தி விரட்டுவாள்.

மன்னார்குடியிலிருந்து அப்ரெண்டிசாக வந்தபோது அந்த அறையில் அவள் ஒருத்திதான் பெண். அங்கே அளவு பார்க்க, கண்ணாடி போல் மெருகேற்றிய எஃகுக் கட்டைகள் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை லேசாக அழுத்தி நகர்த்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அது கைவருவதற்கு ஆண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். தனக்கு நாலாம் நாளே ஒட்டியது என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கர்வம் எட்டிப்பார்க்கும். "முறுக்கு பிழிஞ்ச கைடி இது" என்பாள்.

அந்தக் கை இப்போது வீங்கி, விரல் நுனி காய்ந்து வெடித்திருந்தது. கட்டைகள் ஒட்டவில்லை. டிசம்பரில் ஒருநாள் 12.006 என்று படித்ததை 12.060 என்று எழுதிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் கவனித்ததால் அந்தக் கருவி வெளியே போகவில்லை. ஆனால் விஷயம் மேனேஜர் முரளிக்குப் போனது.

முரளி நல்ல மனிதர், சித்தியைவிடப் பத்து வயது சின்னவர். "மேடம், ஜூன்ல நம்ம அளவுகளைச் சோதிக்க ஆடிட் வருது. அதுக்குள்ள உடம்பு சரின்னு நம்ம டிஸ்பென்சரி டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா ஸ்டோர்ஸுக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. அங்க குளிரும் இருக்காது" என்றாராம். கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். சித்தி அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை.

ஸ்டோர்ஸ் என்றால் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பது. "அதுக்கு நான் எதுக்கு? நாலு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச யாரும் போதும்" என்றாள்.

அவள் மகள் ஸ்ரேயா நகரத்தின் மறுகோடியில் மாதாப்பூரில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள். தமிழில் கேட்டால் அவளிடமிருந்து இந்தியில்தான் பதில் வரும். "கைக்கு மம்மி? வேற டாக்டரே நை கியா?" என்று கேட்டாள். எதற்கு இவரிடமே போகிறாய், வேறு டாக்டரே இல்லையா என்று அர்த்தம்.

"இருக்காங்க. அவங்க சர்ட்டிஃபிகேட்டை முரளி வாங்க மாட்டாரே. இவர்தான் எழுதணும். கேட்டா இப்பவே எழுதிடுவார், ஆனா கட்டை ஒட்டாத கைக்கு அந்தத் தாள் எதுக்கு? அதோட, இந்த டாக்டருக்கு இது புரியலன்னா எனக்கப்புறம் போறவளுக்கும் இதே வரிசை, இதே பதில்தானே?"

ராஜகோபால் சித்தப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "டாக்டரோட சண்டை போடாதே மங்களம். பேப்பர் கொண்டு போ. கவர்மென்ட் ஆளுக்குப் பேப்பர்தான் புரியும்" என்றார். அவரும் அரசாங்க ஆள்தான். பக்கத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் அதற்கும் பேப்பர் வேலை என்றுதான் சொல்வார்.

சித்தி எழுந்து போய் ஒரு நீள நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தாள். ஸ்கேலும் பென்சிலும் எடுத்தாள். கட்டம் போட ஆரம்பித்தாள்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன்; அதைப்போல ஒன்றை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி. எழுந்த நேரம், உடம்புச் சூடு, நாடித் துடிப்பு, மாத்திரை போட்ட நேரம், காபி, நடை, இரண்டாம் மாடிக்கு ஏற எத்தனை இடத்தில் நின்றாள், எத்தனை ஸ்வெட்டர். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'சீப்பு'. அதில் முதல் நாள் அறுபத்தொன்று என்று இருந்தது.

"அறுபத்தொண்ணு என்ன?"

"முடி."

"எண்ணினியா சித்தி?"

"எண்ணாம எப்படி எழுதறது? உத்தேசமாவா?"

நான்கு வாரம் எழுதினாள். பிறகு மூன்று வருட ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, டி.எஸ்.எச். எண்களை மட்டும் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். இரண்டு புள்ளி நான்கு, மூன்று புள்ளி ஒன்று, மூன்று புள்ளி ஏழு, நான்கு புள்ளி நான்கு, ஐந்து புள்ளி ஒன்று. கோடு ஒரே பக்கமாக மேலே போயிற்று.

பிப்ரவரியில் மறுபடியும் டாக்டர் எதிரே உட்கார்ந்தோம். அவர் 'ரேஞ்ச்' என்று ஆரம்பிப்பதற்குள் சித்தி தாளை விரித்தாள்.

"சார், எங்க ரூம்ல ஒரு கேஜ் லிமிட்டுக்குள்ளதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா நகர்ந்துகிட்டே வந்தா, அது லிமிட்டைத் தாண்டற வரைக்கும் நாங்க காத்துகிட்டிருக்க மாட்டோம். வெளிய எடுத்து வெச்சிடுவோம். இது நகருது சார்."

டாக்டர் தாளைக் கையில் வாங்கினார். முதல் தடவையாக. கோட்டின்மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலே ஓட்டினார்.

"இதை நீங்களே போட்டீங்களா?"

"நோட்டும் இருக்கு சார்."

நோட்டைப் புரட்டினார். 'சீப்பு' கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் மீசை லேசாக அசைந்ததுபோல் இருந்தது. பிறகு பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். புருவம் சுருங்கியது.

"அம்மா, மாத்திரை அஞ்சு நாற்பது. காபி அஞ்சு நாற்பத்தஞ்சு. தினமுமா?"

"தினமும் சார். ஒரு நாள் தவறல."

"மாத்திரையை வெறும் வயித்துல போடச் சொன்னேனே?"

"வெறும் வயித்துலதான் சார் போடறேன். எட்டு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடறதில்ல."

"காபி?"

"காபி குடிப்பேன்."

"காபி குடிச்சா வெறும் வயிறாம்மா?"

சித்தி உண்மையாகவே யோசித்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் காபியை வயிற்றுக் கணக்கில் சேர்த்ததில்லை. ஏகாதசி விரதம் இருக்கிறவர்கள்கூட டிகாஷன் இறக்கிவிட்டுத்தான் விரதத்தை ஆரம்பிப்பார்கள்.

"காபி... காபிதானே சார்" என்றாள் கடைசியில்.

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார். "மீ தமிழ்வாள்ளு, உங்க தமிழாளுங்க..." என்று ஆரம்பித்தார்; மேலே பேச முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாத்திரை உடம்பில் சேர ஒரு மணி நேரமாவது விடவேண்டும், காபியும் பாலும் அதைப் பாதி வரைக்கும்கூடத் தடுத்துவிடலாம் என்று விளக்கினார். பிறகு குரல் மாறி, "மூணு வருஷமா நானும் கேக்கல. அது என் தப்பு" என்றார்.

சிரித்து முடித்ததும் பழைய டாக்டர் திரும்பி வந்துவிட்டார். "அப்போ காபியைத் தள்ளி வைங்க. எல்லாம் சரியாப்போகும். டோஸ் கூட்ட வேண்டியதில்ல."

சித்தி எழுந்துகொள்ளவில்லை. "ஒத்துக்கறேன் சார். ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாது. முதல்ல காபி. எட்டு வாரம். ஆனா எட்டு வாரத்துக்கப்புறம் எண் மூணுக்குக் கீழ வரலன்னா டோஸ் கூட்டணும்."

"பாக்கலாம்மா."

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"இந்த நோட்லயே. கையெழுத்து இல்லாத ரீடிங் எங்க ரூம்ல ரீடிங்கே இல்ல சார்."

வாசலில் நின்ற கம்பவுண்டர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். டாக்டர் சாய்கிருஷ்ணா சித்தியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து, எட்டு வாரத்துக்குப் பிறகு டி.எஸ்.எச். மூன்றுக்குக் கீழே வராவிட்டால் மாத்திரையின் அளவு கூட்டப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சித்தி நோட்டை அவர் பக்கமே திருப்பினாள்.

"தேதி, சார்."

தேதியும் போட்டார்.

அடுத்த எட்டு வாரம் அந்த வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. காலை ஐந்து நாற்பதுக்கு மாத்திரை. காபி ஆறு ஐம்பதுக்கு. நடுவில் எழுபது நிமிடம். அறுபது போதுமே என்றால், "பத்து நிமிஷம் பாதுகாப்புக்கு" என்பாள். முதல் நாள் சித்தப்பா வழக்கம்போல டிகாஷன் இறக்கினார். வாசனை வந்ததும் சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். குடியிருப்பை மூன்று சுற்றுச் சுற்றியும் நேரம் மீதமிருந்தது. திரும்பி வந்து வாசல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "குடிச்சு முடிச்சாச்சா? டம்ளரைக் கழுவியாச்சா?" என்று கேட்டாள்.

இரண்டாம் நாளிலிருந்து சித்தப்பாவும் தன் காபியைத் தள்ளி வைத்தார். அன்பினால் அல்ல, பயத்தினால் என்று அவர் சொல்லிக்கொண்டார். ஒரு வாரம் தலைவலியோடு ஆபீஸ் போனார். "நாட்டோட பாதுகாப்பே உன் தைராய்டுல தொங்கறது" என்று புலம்பினார். ஆனால் ஆறு ஐம்பதுக்கு இரண்டு பேரும் சமையலறையில் நின்று குடித்த முதல் வாய் காபிக்கு அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் எடுத்த ரிப்போர்ட் நான்கு என்றது. சித்திக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஸ்வெட்டர் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்திருந்தது. மாடிப்படியில் ஒரு இடத்தில் மட்டும் நின்றாள். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குக் கண் இருட்டியது, விரல் வெடிப்பு ஆறவில்லை.

"நாலு நல்ல நம்பர்மா" என்றார் டாக்டர்.

சித்தி நோட்டில் அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நாலு வருஷம் முன்னாடி ஒரு க்ளார்க்கம்மாவுக்கு ஒரே தாவலா டோஸ் ஏத்தினேன். இதயம் படபடன்னு அடிச்சு ஆம்புலன்ஸ்ல போனாங்க. பொழச்சிட்டாங்க. ஆனா அதுலேர்ந்து எனக்குக் கை ஏற மாட்டேங்குதும்மா."

இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. சித்திக்கு வரவில்லை. தலையை ஆட்டினாள். "எனக்கும் சார். டிசம்பர்ல ஒரு தப்பு எழுதினதுலேர்ந்து ஒவ்வொரு எண்ணையும் நாலு தடவை பாக்கறேன். ஆனா பாத்துட்டு எழுதிடறேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு, "முதல்ல இ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க. இப்பவே. இன்னொரு ரத்த டெஸ்டும் எழுதறேன்" என்றார்.

இ.சி.ஜி. ஒழுங்காக இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை, சித்தியின் உடம்பே சுரப்பியை மெல்ல மெல்லத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்று காட்டியது. கோடு மேலே ஏறியதற்குக் காபி மட்டும் காரணமில்லை. டாக்டர் ஐம்பது மைக்ரோகிராம் எழுதினார். எழுதிவிட்டு, "படபடப்பு வந்தா உடனே வரணும். நோட்டை நிறுத்தக் கூடாது" என்றார்.

"நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டா சார்" என்றேன் நான். அதற்கும் தான் ஒரு கையெழுத்துப் போடவேண்டியிருக்கும்போல என்று அவர் சொன்னார்.

மே மாதம் மூன்றாவது வாரம். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. ஒருநாள் சித்தி இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறி, காலிங் பெல்லை ஒரு நிமிடம் விடாமல் அடித்தாள். கதவைத் திறந்தால், "நிக்கவேயில்ல" என்றாள். அன்று சாயங்காலம் பரணைச் சுத்தம் செய்தாள். மறுநாள் திரைச்சீலைகளைக் கழற்றினாள். மூன்று வருடம் பாதியில் நின்றிருந்த பேச்சுகளை எல்லாம் ஒன்றொன்றாக எடுத்து முடித்தாள்; அவற்றில் சில சித்தப்பாவின் அக்காவைப் பற்றியவை.

"பழைய மங்களம் வந்துட்டா" என்றார் சித்தப்பா என்னிடம். "நானும் வேண்டிக்கிட்டேன், இல்லேங்கல. ஆனா இவ்வளவு சீக்கிரம் வருவான்னு நினைக்கல."

'சீப்பு' கட்டத்தில் பதினெட்டு. ஒரு நாள் ஒன்பது. அதைச் சித்தப்பா நம்பவில்லை. சித்தி சீப்பைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே எண்ணிக் காட்டினாள்.

ஜூன் இரண்டாம் வாரம் டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒன்று புள்ளி ஒன்பது. கட்டத்தாளில் சித்தி புள்ளி வைத்தாள். கோடு கீழே இறங்கியது. டாக்டர் சர்ட்டிஃபிகேட்டை எழுதி, அவள் கேட்பதற்கு முன்பே தேதி போட்டார்.

"இப்பல்லாம் எல்லார்கிட்டயும் முதல்ல அதைத்தான் கேக்கறேம்மா, மாத்திரைக்கப்புறம் காபி எப்போன்னு. நேத்து மூணு பேர். மூணு பேரும், ஐயோ காபி தொடறதே இல்ல சார்னாங்க."

"நல்லதுதானே சார்?"

"டீ குடிக்கறாங்கம்மா. நாலு நிமிஷத்துல."

ஆடிட் ஜூன் இருபத்தி நான்காம் தேதி. டில்லியிலிருந்து வந்த அதிகாரி சித்தியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரே கருவியைப் பத்துத் தடவை அளக்கச் சொன்னாராம். அளந்ததை எழுதிய தாளைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் பத்துத் தடவை. சரியாக மூன்று மணிக்கு ஆரம்பித்தாராம்.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் தொழிற்சாலை கேட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள். அவள் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

"இருபதும் பொருந்தித்தா?"

"பொருந்தாம? மூணாவது ரீடிங் எழுதறச்சே அந்த ஆள் வேணும்னே பேச்சுக் குடுத்தார், ஊரு எது, எத்தனை பசங்கன்னு. எழுதி முடிச்சுட்டுத்தான் மன்னார்குடின்னேன்."

"முரளி என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார்? ஸ்டோர்ஸுக்கு எழுதி வெச்சிருந்த லெட்டரைக் கிழிச்சுக் கூடையில போட்டார். அடுத்த ஒரு வருஷத்துக்கான டியூட்டி ரோஸ்டரை நீட்டி, நீங்களே போட்டுடுங்க மேடம்னார்."

"போட்டுட்டியா?"

"முதல் வரியே நான்தான்."

அதோடு விடவில்லை. ஜூலையில் யார் யார், புதிதாக வரும் இரண்டு பெண்களை எந்த மேஜையில் போடுவது, எஃகுக் கட்டை ஒட்டுவதை அவர்களுக்கு எத்தனை நாளில் பழக்கலாம், தீபாவளிக்கு யாருக்கு லீவு, யார் கேட்டாலும் கிடையாது என்று மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மார்ச் மாதத்துக்கு வந்தபோது வீடு வந்துவிட்டது. ஜூன் வரைக்கும் சொல்லி முடிக்க வேண்டும் என்று இன்னொரு சுற்று நடந்தோம்.